கிழிக்காத சாக்கு

அறையில் சாக்கு மணத்தது. ஜெகதீஸ்வரி கண்ணைத் திறக்க முதலே அந்த மணம் மூக்கில் ஏறியிருந்தது. வெயிலில் காய்ந்த சணல், உதிர்ந்த வெங்காயச் சருகு, அதற்கும் அடியில் யாரோ நெடுநேரம் முகத்தைப் புதைத்து மூச்சு விட்டதுபோல ஒரு புழுங்கல். ஊரில் என்றால் இதை யாரும் ஒரு மணமென்றே சொல்லமாட்டார்கள். உரும்பிராயில் அவர்களுடைய வீட்டில் மனிதருக்கு ஒரு அறை, வெங்காயத்துக்கு இரண்டு அறை. ஆனால் இது வெள்ளவத்தை. கடலைப் பார்த்து இறங்கும் ஒரு குறுகிய ஒழுங்கையில் சரோஜினிதேவி நடத்தும் லொட்ஜ். பினாயிலும் கடல் உப்பும் மணக்கவேண்டிய அறை. அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரேயொரு சாக்கும் நேற்றுப் பின்னேரமே வெளியே போய்விட்டது.

அதை நினைத்ததும் விடியற்காலையிலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

நேற்று அவள் வந்து சேர்ந்ததே பெரும்பாடு. ஊரைவிட்டு வரப் பாஸ் எடுத்து, கப்பலில் வாந்தியெடுத்து, திருகோணமலைச் சோதனைச்சாவடியில் உடுப்பு முழுவதையும் நிலத்தில் கொட்டிக் காட்டி, ரயிலில் நின்றபடியே வந்து இறங்கினாள். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குள் போகக் கூடாதென்று அம்மா அரைச் சாக்கு வெங்காயம் கட்டிக் கொடுத்திருந்தாள். எலி கடித்த இடத்தை அம்மா பச்சை நூலால் குறுக்கும் நெடுக்கும் பின்னியிருந்தாள். அந்தச் சாக்கை இத்தனை தூரம் சுமந்துவந்து முன்னால் வைத்தால், சரோஜினிதேவி வெங்காயத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"சாக்கோடயோ வந்தனீ? ஐயோ பிள்ளை, முதல்ல அதை வெளியில கொண்டு போ!"

சமையல்காரி பழனியம்மா ஓடிவந்து வெங்காயத்தை வாளியில் கொட்டினாள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வேலைக்கு வந்து இந்த வீட்டிலேயே நரைத்துப்போனவள். பச்சை நூல் பின்னலைத் தடவிப் பார்த்து, "யாருங்க பின்னுனது? எம்புட்டு அழகா இருக்கு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இந்த ஒழுங்கையில நம்ம ஆளுங்க யாரும் வூட்ல சாக்கு வெக்கிறதில்லீங்க மிஸ். அரிசி வாங்குனாலும் கடையிலயே கொட்டி வாளியிலதான் கொண்டாருவோம். தப்பித் தவறி வந்துட்டா நாலாக் கிழிச்சுத்தான் குப்பையில போடுவோம். முழுசா மட்டும் போட்டுறக் கூடாது." கத்தரிக்கோலையும் கையில் தந்தாள்.

ஜெகதீஸ்வரிக்கு விசர் வராத குறை. நல்ல சாக்கைக் கிழிப்பதா? ஊரில் ஒரு சாக்கு இருந்தால் அதில் மண் நிரப்பிப் பதுங்குகுழிக்கு அடுக்கலாம், மழைக்குத் தலையில் போடலாம், ஷெல் பிய்த்த கூரையை மூடலாம், பிள்ளையைப் படுக்க வைக்கலாம். சாக்குக்காகச் சண்டை பிடித்த வீடுகளை அவள் கண்டிருக்கிறாள். இங்கே கத்தரிக்கோலாம், நாலு துண்டாம்! கொழும்புக் கொழுப்பு என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு, சாக்கை அழகாக மடித்து, ஒழுங்கை முனை மதிலில் வைத்துவிட்டு வந்தாள். இல்லாத யாராவது எடுக்கட்டும்.

"கிழிச்சிட்டீங்களா மிஸ்?"

"ஓம், ஓம். கிழிச்சிட்டன்."

இப்போது அந்த மணம் தலையணையில் இருந்தது. தலையணையைத் தூக்கிக் கட்டிலின் கால்மாட்டில் எறிந்தாள். மணம் போகவில்லை.

பல்கலைக்கழகத்து நூலகத்தில் ஒரு வேலைக்கு இன்றைக்கு நேர்முகம் என்றுதான் அவளை வரச் சொன்னார்கள். காலையில் டெலிபோனில் ஒரு பெண் குரல் மிக இனிமையாக அது நாளைக்குத் தள்ளிப்போய்விட்டதாகச் சொன்னது. கப்பலிலும் ரயிலிலும் பட்டது இவர்களுக்கு என்ன தெரியும்! ஆக ஒரு முழு நாள் சும்மா கிடைத்தது. இங்கே படித்த அண்ணன் வரதராசா வாய் ஓயாமல் அளந்த நகரத்தை ஒருமுறை தன் கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று அவள் புறப்பட்டாள். சரோஜினிதேவி வாசலை மறித்தாள்.

"எங்க வெளிக்கிடுறாய்? உன்ர ஐசியைப் பொலிஸில குடுத்திருக்கு. லொட்ஜுக்குப் புதுசா வந்தவையைப் பதிஞ்சுபோட்டுத் தரப் பின்னேரமாகும். ஐசி இல்லாமல் ஒரு தமிழ்ப் பிள்ளை ரோட்டில கால் வைக்கலாமோ?"

"என்ர அடையாள அட்டையை என்னட்டக் கேக்காமல் ஏன் அன்ரி குடுத்தனீங்கள்?"

"கேட்டுக் குடுக்கிற காலமோ இது? போறதெண்டா அந்தப் பொட்டையாவது அழிச்சிட்டுப் போ."

ஜெகதீஸ்வரி திரும்பிப்போய்க் கண்ணாடியைப் பார்த்து, பொட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பழனியம்மா மட்டும் படலை வரைக்கும் கூட வந்தாள். "பொழுது சாயிறதுக்குள்ள வந்துருங்க மிஸ். ஐசி வந்துருச்சுன்னா நான் கையோட எடுத்துக்கிட்டு முனையிலயே நிக்கிறேன். நீங்க பயப்படாதீங்க."

ஒழுங்கை முனையில் மதில் வெறுமையாக இருந்தது. சாக்கை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். எடுத்தவர் நன்றாக இருக்கட்டும் என்று அவள் நினைத்தாள்.

முகத்துவாரம் பக்கம் போகும் 155ஆம் நம்பர் பஸ் வெள்ளவத்தையையும் பல்கலைக்கழகத்தையும் கொட்டாஞ்சேனையையும் ஒரே நூலில் கோர்க்கிறது என்று அண்ணன் சொல்லியிருந்தான். "அந்த ஒரு பஸ்ஸில என்ர கொழும்பு முழுக்க இருக்கடி" என்பான். மூன்று வருடத்துக்கு முன் கொட்டாஞ்சேனையில் அவன் இல்லாமல் போனான். பிடித்தார்கள் என்று சிலர், காணவில்லை என்று சிலர். தலையாட்டி காட்டிக்கொடுத்தான் என்றுதான் ஊரில் எல்லோரும் முடிவு கட்டினார்கள். சாக்கால் தலையை மூடி, கண்ணுக்கு இரண்டு துளை விட்டு, ஜீப்புக்குள் ஒருவனை இருத்துவார்கள். சனங்களை ஒவ்வொருவராக அவன் முன்னால் நிறுத்துவார்கள். அவன் சும்மா இருந்தால் வீட்டுக்குப் போகலாம். தலையை ஆட்டினால் போன ஆள் போனதுதான். அந்தத் தலையாட்டியை ஒரு நாள் கண்டுபிடித்து, சாக்கை இழுத்துக் கழற்றி, அந்த முகத்தில் காறித் துப்ப வேண்டும். இந்த ஒரு நினைப்பை வைத்துக்கொண்டுதான் அவள் மூன்று வருடமும் சாப்பிட்டாள், படிப்பித்தாள், தூங்கினாள்.

தேர்ஸ்டன் வீதியில் இறங்கியபோது அவளை மீறி வாய் திறந்துகொண்டது. அண்ணன் பொய் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் கிழட்டு மரங்கள் ரோட்டுக்கு மேலே கை கோத்து நின்றன. உள்ளே வெள்ளையர் காலத்துக் கட்டடங்கள், மழையில் கறுத்த ஓடு, ஆள் உயரத்துக்கு மேல் சன்னல்கள் வைத்த பழைய மண்டபம், புல்வெளியில் குந்தியிருந்து சிரிக்கும் மாணவர்கள். வாசலில் காவலாளி ஒருவன், "கொஹேத நங்கி யன்னே? ஐசி எக்க?" என்று சிங்களத்தில் கேட்டு, அடையாள அட்டைக்குக் கையை நீட்டினான். அவள் நேர்முகக் கடிதத்தை எடுத்து, தெரிந்த ஆங்கிலத்தில் அதிகாரமாக நாலு சொல் சொன்னாள். அவன் பொட்டைப் பார்த்தான், கடிதத்தைப் பார்த்தான், சலித்துப்போய்க் கையை அசைத்து உள்ளே விட்டான். இப்படி ஒருவனிடம் கடிதத்தைக் காட்டித்தான் ஒரு வளாகத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டுமா என்று முணுமுணுத்துக்கொண்டு நடந்தாள்.

மண்டபத்துக்கு முன்னால் பூப்பாத்தி நடுவில் யாரோ பழைய பேராசிரியரின் மார்பளவுச் சிலை இருந்தது. கட்டடத்துக்கு வெள்ளை அடிக்கிறார்கள். சுண்ணாம்பு தெறிக்காமல் இருக்கவோ என்னவோ, சிலையின் தலையைச் சாக்கால் மூடிக் கழுத்தில் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அதன் பீடத்தடியில் இரண்டு பெண்பிள்ளைகள் பணிஸ் தின்றுகொண்டிருந்தார்கள். ஜெகதீஸ்வரி பார்த்துவிட்டு நடந்தாள். வெங்காயச் சருகு மணத்தது. மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மரத் தரையில் செருப்புச் சத்தம் கூரை வரைக்கும் போவதைக் கேட்டு, அண்ணன் எந்த மேசையில் இருந்து சோதனை எழுதியிருப்பான் என்று தேடி, வந்த வாசலாலேயே வெளியே வந்தபோது, சிலை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் அது ரோட்டைப் பார்த்தபடி இருந்ததாகத்தான் அவளுக்கு ஞாபகம். சாக்குக்கு முகமா, முதுகா, எப்படித் தெரியும் என்று தன்னைத்தானே பேசிக்கொண்டு வெளியேறினாள்.

மரங்களின் நிழலில் நடந்தே மியூசியத்துக்குப் போனாள். வெள்ளை மாளிகை. முற்றத்தில் ஊரளவு ஆலமரம். இதைப் பற்றியும் அண்ணன் சொல்லியிருக்கிறான், வெயில் தாங்காத நாட்களில் உள்ளே போய்க் கல்லுச் சிலைகளுக்குப் பக்கத்தில் இருந்து படிப்பானாம். உள்ளே குளிர்ந்தது. வாளும் ஈட்டியும் நாணயமும் தாண்டிக் கல்லுச் சிலைகள் இருந்த நீள அறைக்குள் அவள் வந்தபோது சனம் குறைந்துவிட்டது. காவல்காரன் கதிரையில் நித்திரை. அவளுடைய செருப்புச் சத்தம் ஒன்றுதான். அந்தச் சத்தம் நின்ற பிறகும் இன்னொரு சத்தம் இருந்தது. மூச்சு. மெல்லிய, துணிக்குள்ளால் வருவதுபோன்ற மூச்சு.

அறைக் கடைசியில், திருத்த வேலைக்கு ஒதுக்கிவைத்த சிலைகளுக்கு நடுவே, கதிரை உயரத்தில் ஒன்று சாக்கால் மூடியிருந்தது.

திருத்த வேலை என்றுதான் அவளும் நினைத்தாள். நினைத்துக்கொண்டே கிட்டப் போனாள். சாக்கில் இரண்டு துளைகள். கிழிந்த துளை இல்லை, கத்தியால் அளந்து வெட்டியது. துளைகளுக்குள் இருட்டு. மூக்கு இருக்கவேண்டிய இடத்துக்குக் கீழே சாக்கு உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே போனது.

"ஆரது?" என்றாள். "ஆரடா அது? இதென்ன விளையாட்டு?"

மூச்சு நின்றது. சாக்கு நின்ற இடத்தில் நின்றது. எதையோ முடிவெடுக்க யோசிப்பதுபோல அந்தத் தலை கொஞ்சமாக ஒரு பக்கம் சரிந்தது. அவள் ஓடினாள். காவல்காரன் விழித்து ஏதோ கத்தினான். ஆலமரத்தடிக்கு வந்துதான் நின்றாள். வெயில் பளீரென்று அடித்தது. ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஐஸ்கிறீம் வான் மணியடித்தது. இந்த ஊரின் வெயிலும் மணியும் சிரிப்பும் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் மேலே வந்தது. அவனவன் காணாமல் போகிறான், இவர்களுக்கு ஐஸ்கிறீம்!

லொட்ஜுக்குத் திரும்பியிருக்கலாம். பொழுது இருந்தது. ஆனால் கொட்டாஞ்சேனைக்குப் போகாமல் திரும்பினால் இந்த நாளுக்கு அர்த்தமே இல்லை. அண்ணன் அறை எடுத்திருந்த வீடு அங்கே இருந்தது. யார் காட்டிக்கொடுத்தது என்று தெரிந்த ஒரே மனுசி அந்த வீட்டுக்காரி செலீன் என்று அவனோடு படித்த பொடியன் ஒருத்தன் சொல்லியிருந்தான். 155 வந்தது. ஏறிவிட்டாள்.

புனித லூசியாஸ் கோயிலின் பெரிய குவிமாடம் தெரியும் ஒரு சந்து. தட்டினதும் கதவு பாதி திறந்தது. கவுன் உடுத்த வயதான மனுசி, கழுத்தில் செபமாலை. அதுதான் செலீன். ஒரு காலத்தில் படிக்கிற பொடியன்களால் நிறைந்திருந்த வீட்டில் இப்போது அவள் தனியே இருந்தாள்.

"வரதராசாட தங்கச்சியா? முகத்தைப் பாத்தாலே தெரியுது. உள்ளுக்கு வாங்க மகள். வாசல்ல நிக்க வாணாம்."

தேத்தண்ணி வந்தது. ஜெகதீஸ்வரி தொடவில்லை. "அன்ரி, எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. அண்ணனைக் காட்டிக் குடுத்தவன் ஆர்?"

செலீன் செபமாலையை உருட்டினாள். "அவனை யாரும் காட்டிக் குடுக்கல்ல மகள். ஐசியை மறந்துட்டுப் பாண் வாங்கப் போனான். ரோட்டுல வச்சு ஏத்திட்டாங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானோ? அப்ப தலையாட்டி?"

"அது பிறகு. ஒரு பின்னேரம் ஜீப் வந்திச்சு. உள்ளுக்கு ஒருத்தன், தலையில சாக்கு. இந்த வீட்டுப் பொடியன்கள் எல்லாரையும் லைன்ல நிப்பாட்டினாங்க. ஒரே மேசையில சாப்பிட்ட பொடியன்கள். ஒவ்வொருத்தனும் முன்னால வர வரத் தலை ஆடிச்சு. எல்லாரையும் கொண்டு போயிட்டாங்க."

"ஆர் அவன்?"

"முகம் தெரியல்ல. கால் தெரிஞ்சிச்சு." செலீனின் பார்வை மெல்லக் கீழே இறங்கி ஜெகதீஸ்வரியின் பாதத்தில் நின்றது. "பெருவிரலுக்கு மேல அடுத்த விரல் ஏறிக் கிடக்கும். இந்தா, உங்களுக்கு இருக்கிற மாதிரியே."

தேத்தண்ணிக் கோப்பை சுவரில் போய் உடைந்தது. எறிந்தது தான்தான் என்று ஜெகதீஸ்வரிக்குப் பிறகுதான் தெரிந்தது. "பொய்! வாய் கூசாமல் பொய் சொல்லுறியள்! ஆமி வந்தா எங்களுக்கு முன்னால போய் நிண்டவன் என்ர அண்ணன். அவனோ தலையாட்டினவன்?"

செலீன் கோபிக்கவில்லை. குனிந்து ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கினாள். "சாக்குக்குள்ள அழுற சத்தம் கேட்டுச்சு மகள். 'இல்ல, இல்ல' எண்டு அழுதான். ஆனா தலை நிக்கல்ல." ஒரு துண்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அது எந்தச் சாக்கு தெரியுமா? எங்கட குசினிச் சாக்கு. சீனி வந்தது. நீலப் பெயின்ட் கொட்டின அடையாளத்தோட இருந்திச்சு. அதுக்கு முதல் நாள் நான்தான் கொண்டு போய்க் குப்பையில போட்டேன். முழுசா. அந்த நாளில இருந்து இந்தப் பக்கம் நாங்க எல்லாத்தையும் கிழிச்சித்தான் போடுறது. வெள்ளவத்தையிலயும் அப்படித்தானாம்."

மதில். மடித்து வைத்த சாக்கு. காலையில் வெறும் மதில்.

ஜெகதீஸ்வரி எழும்பினாள். சொல்லிக்கொள்ளவில்லை.

பஸ்ஸில் சனம் நெரிந்தது. வெளியே வெயில் மஞ்சளாகி, பிறகு செம்மஞ்சளாகியது. எப்படியாவது பொழுது சாய முதல் போய்விட வேண்டும். எடுத்தவன் யாராக இருந்தாலும் தேடிப் பிடித்து, சாக்கைப் பறித்து, நாலாகக் கிழித்து, எட்டாகக் கிழித்து, நெருப்பு வைக்க வேண்டும். பழனியம்மாவுக்குத் தெரிந்திருக்கும், ஒழுங்கையில் யார் என்ன எடுத்தார்கள் என்று. பழனியம்மா முனையில் ஐசியோடு நிற்பாள். ஐசி கையில் இருந்தால் யார் என்ன செய்ய முடியும்? அவள் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். மருதானையில் பஸ் ஊர்ந்தது. பக்கத்தில் இருந்த பெண் மூக்கைச் சுளித்தாள். கைக்குட்டையால் பொத்தினாள். பிறகு எழும்பி, அந்த நெரிசலிலும் தள்ளிப்போய் நின்றாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சன்னலை இன்னும் திறந்தார்.

சாக்கு மணம்.

ஜெகதீஸ்வரி தன் தோளை முகர்ந்தாள். கையை முகர்ந்தாள். தலைப்பின்னலை இழுத்து முகர்ந்தாள். காலையிலிருந்து அறையிலும் பல்கலைக்கழகத்திலும் மியூசியத்திலும் தேடிய மணம் அவளிடமிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

வெள்ளவத்தையில் பஸ் நின்றது. தரிப்புக்கு முன்னாலேயே நின்றது.

"பஹின்ன! ஒக்கம பஹின்ன!"

இறங்கினார்கள். சிப்பாய்கள், துவக்குகள். காலி நகருக்குப் போகும் காலி வீதியின் ஒரு பக்கம் வாகனம் வழக்கம்போல ஓடியது. மறுபக்கம் தமிழ்ச் சனம் சுவரோரம் வரிசையாக நின்றது. ஒருவரும் தலை நிமிரவில்லை. அவளுடைய ஒழுங்கை முனைதான். அந்த மதில்தான். மதிலோடு ஒட்டினபடி ஒரு ஜீப், பின்கதவு திறந்து கிடந்தது.

"ஐசி?"

"லொட்ஜில. பொலிஸில பதிய... பழனியம்மா கொண்டு வருவா. இந்தா இப்ப வருவா."

அவள் எட்டிப் பார்த்தாள். முனையில் பழனியம்மா இல்லை. சிப்பாய் அவளுடைய முழங்கையைப் பிடித்தான். இறுக்கவில்லை. ஜீப் பக்கம் திருப்பிவிட்டான், அவ்வளவுதான்.

கடல் பக்கமிருந்து கடைசி வெளிச்சம் ஜீப்புக்குள் விழுந்தது. ஒருவன் இருந்தான். நீளக் கைச் சட்டை. கைகள் மடியில். தலையில் சாக்கு. இரண்டு துளை. இடது கன்னத்தில் பச்சை நூல். குறுக்கும் நெடுக்கும் பின்னின பச்சை நூல்.

அம்மாவின் பின்னல்.

அவள் கீழே பார்த்தாள். பார்க்கக் கூடாதென்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். தேய்ந்த பாட்டாச் செருப்பு. பெருவிரலுக்கு மேல் ஏறிக் கிடந்த அடுத்த விரல்.

"அண்ணா?"

சாக்கு உள்ளே போனது. வெளியே வந்தது.

"அண்ணா, நான் ஜெகா."

தலை ஆடியது. மேலும் கீழும். மேலும் கீழும்.

மூன்று வருடத்துக் கோபம் ஒரே மூச்சில் வந்தது. யார்மேல் என்று இல்லை. இவன்மேல், துவக்கு வைத்திருந்தவன்மேல், ஐஸ்கிறீம் வான்மேல், தலை குனிந்து நின்ற வரிசைமேல், மதிலில் மடித்து வைத்த தன் கைமேல். அவள் ஜீப்புக்குள் பாய்ந்தாள். யாரும் தடுக்கவில்லை. அது அவளுக்கு அப்போது விளங்கவில்லை. இரண்டு கையாலும் சாக்கைப் பிடித்து இழுத்தாள். முகத்தைக் காட்டடா! காட்டு!

சாக்கு சுலபமாக வந்தது.

சட்டையின் கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. பின்னால் சீட்டின் கிழிந்த றெக்சின் தெரிந்தது. சட்டை மெல்லக் காற்று இறங்கித் தொய்ந்தது. கைகள் இருந்த இடத்தில் வெறும் கைத்துணி. கீழே செருப்பு மட்டும் இருந்தது, அவளைப் பார்த்தபடி.

"இருங்க மிஸ்" என்று பின்னால் யாரோ தமிழில் சொன்னார்கள். மரியாதையான குரல். களைத்த குரல். "உள்ளே இடம் இருக்கு. இருங்க."

இருட்டு.

சணல். வெங்காயச் சருகு. அண்ணனின் மூச்சு. அதற்கு முன்னால் யாருடையதோ மூச்சு. கன்னத்தில் அம்மாவின் முடிச்சு உறுத்தியது. கையைத் தூக்கப் பார்த்தாள். கை மடியில் கிடந்தது. கத்தினாள். சாக்கு உள்ளே போனது, வெளியே வந்தது, அவ்வளவுதான்.

இரண்டு துளை. துளைகளில் காலி வீதி, விளக்குகள், வரிசை. வரிசையைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி ஓடிவந்தாள். நரைத்த தலை. மூச்சு வாங்கியது. கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஐசி.

"ஐயா, எங்க மிஸ்ஸுங்க. இந்தா அவங்க ஐசி. இப்பத்தான் பொலிஸ்ல குடுத்தாங்க. பாத்தீங்களா ஐயா? பெரிய பொட்டு வச்சிருப்பாங்க."

போ பழனியம்மாக்கா. இங்கால வராத. ஓடு.

சிப்பாய் அவளை ஜீப் முன்னால் நிறுத்தினான். பழனியம்மா நிமிர்ந்தாள். சாக்கைப் பார்த்தாள். பச்சை நூலைப் பார்த்தாள். ஐசி பிடித்த கை மெல்லக் கீழே இறங்கியது.

"கிழிச்சிட்டேன்னு சொன்னீங்களே மிஸ்" என்றாள்.

இல்லை, இல்லை, இவள் இல்லை என்று ஜெகதீஸ்வரி தலையை ஆட்டினாள். இருந்த கோபம் முழுவதையும் கழுத்தில் வைத்து ஆட்டினாள். தலை பக்கவாட்டில் அசையவில்லை. மேலும் கீழும்தான் அசைந்தது.